நாலடி தள்ளி

நான் கோபக்காரன். முப்பத்தொரு வருஷம் மில்லில் டைம் கீப்பராக இருந்தவன். ஒரு நிமிஷம் பிந்தி வந்தவனைக்கூட கேட்டிலேயே நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட அரங்கசாமிக்கு, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் செய்த காரியம்தான் இது.

பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்னால் எங்கள் தெரு. ஓட்டு வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக மாடிகளாகிக் கொண்டிருந்தன. நாங்களும் எங்கள் வீட்டை பில்டர் தனபாலிடம் கொடுத்தோம். இடித்துவிட்டு நாலு மாடி கட்டினார். முதல் மாடி எங்களுக்கு, மற்றதெல்லாம் விற்பனைக்கு. ஆள் கெட்டிக்காரர். வீடு பார்க்க வருகிறவர்களை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் கூட்டி வருவார். அப்போதுதான் எங்கள் கட்டடத்து மூலையில் சித்திகாவின் காளான் மசாலா வண்டி நிற்கும்.

அவள் தோசைக்கல்லில் கரண்டி 'டக டக'வென்று தட்ட ஆரம்பித்தால் காலேஜ் பிள்ளைகள், ஐ.டி. கம்பெனி ஆட்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் தட்டோடு நிற்பார்கள். கூட்டத்தை நம்பி ஒரு பூக்காரி வந்து உட்கார்ந்தாள். எதிரே இஸ்திரி வண்டிக்காரரும் ஏழு மணி வரை துணி தேய்த்தார். "ஏரியா எப்படிக் கலகலன்னு இருக்குது பாருங்க" என்று தனபால் கையை வீசிக் காட்டுவார், ஏதோ அதையும் அவரே கட்டிக் கொடுத்த மாதிரி.

எனக்குப் பிரச்சினை புகைதான். ஓட்டு வீட்டில் தெரியாத மசாலாப் புகை இப்போது நேராக எங்கள் மாடி ஹாலுக்குள் வரும். புது வீட்டுத் திரைச்சீலையெல்லாம் காளான் வாசம். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கீழே இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவள், "ஏனுங்ணா, வாங்க, சூடா இருக்குதுங்க" என்று தட்டைக் கையில் கொடுத்துவிடுவாள். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவளிடம் எப்படிச் சொல்வது? மூன்று முறையும் தின்றுவிட்டு மேலே வந்தேன். "சொல்லப் போனீங்க, வாயத் தொடச்சுட்டு வாரீங்க" என்று என் சம்சாரம் வெங்கடம்மாள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் சுருக்கென்றது. பால்கனியிலிருந்து வண்டியைப் போட்டோ எடுத்து, போனிலேயே மாநகராட்சிக்குப் புகார் அனுப்பினேன். 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்றெல்லாம் எழுதினேன். யாராவது ஒரு அதிகாரி வருவார், தள்ளி நிறுத்தச் சொல்வார், என் பெயர் வெளியே வராது என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

புதன்கிழமை மாநகராட்சி லாரி வந்தது. வண்டி, கல், அடுப்பு, காளானில் சேர்க்க நறுக்கி வைத்திருந்த முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். சித்திகா அழவில்லை. பால்கனியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்து, "அண்ணா, பத்து வருஷமா இங்கதான் நிக்கறேன்னு நீங்களாச்சும் சொல்லுங்ணா" என்றாள். நான் உள்ளே போய்விட்டேன். போன் மணி அடித்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஹாலில் புகை இல்லை. ஒரே வாரத்தில் தெருவில் ஆளும் இல்லை. பூக்காரி வரவில்லை, இஸ்திரி வண்டி ஐந்து மணிக்கே போய்விட்டது. தனபால் கூட்டி வந்த ஒரு குடும்பம் மூலையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது. இங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று அந்த அம்மாள் கேட்டது மேலே எனக்குக் கேட்டது.

ஒன்பதாம் நாள் சித்திகா என் வீட்டுக்கே வந்தாள். மாநகராட்சி ஆபீசில் பேச ஆள் வேண்டும், படித்தவர் நீங்கள் ஒருவர்தான், கூட வரவேண்டும் என்றாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? போனேன். மனுவும் நானே எழுதினேன். என் புகாருக்கு எதிராக நானே எழுதிய மனு! அதிகாரி படித்துவிட்டு, புகார் கொடுத்தவர் ஆட்சேபணை இல்லையென்று எழுதிக் கொடுத்தால் வண்டியை விட்டுவிடுவதாகச் சொன்னார். யார் என்பதைச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. சித்திகா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்ணா. சண்டைக்குப் போகமாட்டனுங்க. அவங்க ஊட்டுக்கே போயி, கால்ல உழுந்தாச்சும் கேட்டுக்கறேன்."

சட்டைப் பையில் போன் இருந்தது. புகார் எண் அதற்குள் இருந்தது. ஆட்சேபணை இல்லையென்று ரகசியமாக எழுதிக் கொடுத்துவிட்டு, எவனோ மனம் மாறிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் காலில் விழுவேன் என்கிறாளே, எப்படி முடியும்?

"நான்தானம்மா" என்றேன். "புகை வந்துதுன்னு... நான்தான் அனுப்பிச்சேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரோட்டைப் பார்த்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலடி தள்ளி நிறுத்தியிருப்பனுங்களே" என்றாள்.

உள்ளே போய் ஆட்சேபணை இல்லையென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் வண்டி வந்தது. ஒரு சக்கரம் வளைந்திருந்தது, அதைச் சரிசெய்து தருகிறேன் என்றேன். "இருக்கட்டுமுங்க" என்றுவிட்டாள்.

இப்போது வண்டி மூலையிலிருந்து நாலடி தள்ளி நிற்கிறது. கூட்டம் திரும்ப வந்தது. பூக்காரி வந்தாள். தனபாலும் ஐந்து மணிக்கு ஆட்களைக் கூட்டி வந்து கையை வீசுகிறார். கீழே இறங்கி ஒரு தட்டு வாங்கித் தின்ன எனக்குத்தான் தைரியம் இல்லை. வெங்கடம்மாள் போய் வாங்கி வருகிறாள். நான் தொடுவதில்லை.

தினமும் அடுப்பைப் பற்றவைத்ததும் சித்திகா நிமிர்ந்து என் பால்கனியைப் பார்க்கிறாள். குரலில் கிண்டல் கிடையாது, கோபம் கிடையாது. பழைய மரியாதை அப்படியே இருக்கிறது. அண்ணா என்கிற சொல் மட்டும் போய்விட்டது.

"ஏனுங்க சார், புகை வருதுங்களா?"

"இல்லீங்க அம்மணி" என்கிறேன்.

நாலடி தள்ளினால் காற்று கேட்குமா? புகை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தாமல் அங்கேயே நிற்கிறேன்.