தைலமரக் கட்டை பிடுங்கிய நாள்

பொழுது விடிந்ததும் விடியாததுமாக ஜேசிபி வந்து கொல்லை வரப்போரம் நின்றது. முந்தின ராத்திரி இளமதி சரியாகத் தூங்கக்கூட இல்லை.

குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை. அவள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அதில் தைலமரம்தான். அந்த மரம் தண்ணீரைக் குடித்துத்தான் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் வறண்டது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் யாராலும் அதை விட முடியவில்லை. மரத்தை வெட்டியபின் நிற்கும் அடிக்கட்டை தானாகத் துளிர்க்கும்; அடுத்த வெட்டுக்கு வியாபாரி முன்பணம் கொடுப்பார். கட்டையைப் பிடுங்கிவிட்டுக் கடலை போடலாமென்றால், அது விளைந்து கைக்கு வரும்வரை சோற்றுக்கு என்ன செய்வது?

அதற்கு இந்த வருடம் ஒரு வழி பிறந்திருந்தது. ஓர் அறக்கட்டளை அவர்கள் ஊரைத் தேர்ந்தெடுத்து, வயது வந்த அத்தனை பேருக்கும் மாதாமாதம் வங்கியில் பணம் போட்டது. இருப்பவர், இல்லாதவர் என்ற பாகுபாடு கிடையாது. எதற்குச் செலவழித்தாய் என்று கேட்பதும் கிடையாது. இரண்டு வருடம் வரும். அறக்கட்டளைக்காரர்கள் அதை ‘அடிப்படை வருமானம்’ என்றார்கள். ஊர்க்காரர்கள் ‘சும்மாக் காசு’ என்றார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் இளமதிக்கும் அவள் புருஷன் எழிலரசனுக்கும் வருவதைச் சேர்த்தால் அரிசி பருப்புக்குக் கவலையில்லை.

ஜேசிபி கையைத் தூக்கும் நேரம் பார்த்து மரவியாபாரி ஆவுடையப்பன் பைக்கில் வந்து இறங்கினார்.

“நிறுத்தச் சொல்லுப்பா எழிலு! நல்லாத் துளுக்கிற கட்டையைப் போய் யாராச்சும் பிடுங்குவாங்களா? இந்தா அட்வான்ஸு. போன தடவையவிடக் கூடவே வச்சிருக்கேன்.”

எழிலரசன் பணத்தைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

“மதி, அந்தக் காசு ரெண்டு வருசத்துல நின்னுரும். அப்பறம் என்ன பண்றது?”

“அதுக்குள்ள ரெண்டு வெள்ளாமை எடுத்துரலாங்க. இப்ப விட்டா நமக்கு எப்பங்க தைரியம் வரும்?” என்றவள் ஆவுடையப்பனிடம் திரும்பினாள். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. போன தடவை நீங்க வந்தப்ப எங்க வீட்டுல ஒருபிடி அரிசி கெடையாது. நீங்க சொன்னதுதான் வெலை. இப்ப அரிசி இருக்கு. அதான் வேணாம்னு வாய்விட்டுச் சொல்ல முடியுது.”

ஆவுடையப்பன் பணத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சும்மாக் காசு வந்தா ஊரே படுத்துத் தூங்கும்னு நெனச்சேன். நீ என்னடான்னா என் பொழப்புக்கே வேட்டு வைக்கிறியே ஆத்தா!”

எழிலரசன் ஜேசிபிக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினான். “விடுங்கண்ணே, தோண்டுங்க!”

இரும்புக் கை மண்ணுக்குள் இறங்கியது. வேர்கள் மடமடவென்று அறுபட்டன. முதல் கட்டை மண்ணும் வேருமாக மேலே வந்ததும் எழிலரசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசில் அடித்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் விசில் அடித்து அவள் கேட்டதே இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அடுத்த கொல்லைக்காரி ரஞ்சிதா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

“யக்கா, நெசமாவே பிடுங்குறீங்களா? அப்படியே வண்டிய எங்க கொல்லைக்கும் விடச் சொல்லுங்கக்கா! நானும் கடலையே போட்டுர்றேன்.”

ரஞ்சிதாவைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டார் வந்தார்கள். பொழுது சாயும்போது ஜேசிபிக்காரர், “இங்கிட்டே குடிவந்துரலாம் போலருக்கே!” என்று சிரித்தார்.

ஆடியில் நல்ல மழை. உழவு சாலில் இளமதி விதைக்கடலையைப் போட்டுக்கொண்டே போனாள். விதைத்த மறுநாளிலிருந்தே விடியலில் எழுந்து கொல்லைக்கு ஓடினாள். ஒருநாள் காலை மண்ணை முட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பச்சை தெரிந்தது.

“முளைச்சிருச்சு!” என்று கத்தினாள். கொல்லையை ஒட்டிய ரோட்டில் கீரனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டுமென்று இன்னொரு தடவை கத்தினாள்.