சக்கரம் இல்லாத கப்பலுக்கு எலுமிச்சம்பழம்

எங்கள் தென்காசி வட்டாரத்தில் நெடுந்தூரம் கிளம்புகிற எந்த வண்டியும் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்காமல் நகராது. ஆட்டோவுக்கு மூன்று, காருக்கு நான்கு, லாரிக்கு ஒரு தோப்பு. முப்பத்தாறு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்த நான், செங்கோட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கே பழம் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டுப் பெட்டிக்கும் வைத்து முடிப்பதற்குள் பாதிப் பயணிகள் கிழவர்களாகிவிட்டார்கள். ஆனால் கப்பலுக்கு எங்கே வைப்பது என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தச் சிக்கல் போன வைகாசிக் கடைசியில் என் நண்பர் தங்கசாமிக்கு வந்தது.

தங்கசாமி ஓய்வுபெற்ற ஏட்டு. அவர் இங்கே இருமினால் கேரள எல்லையில் லாரிகள் நின்றுவிடும். ஒரே மகன் பாண்டிக்குச் சரக்குக் கப்பலில் என்ஜினியர் வேலை. கொச்சியில் ஏற வேண்டும். போகிற வழியிலோ போர். ஓரிடத்தில் இரண்டு நாடுகள் தொடங்கியது, கூட்டாளிக்குக் கூட்டாளி என்று தொற்றிக்கொண்டு கடலுக்கு வந்துவிட்டது. யார் எவர் என்று கேட்காமல் ஆளில்லா விமானம் வந்து அடிக்கிறது.

"கையெழுத்துப் போட்டாச்சும்மா, போயித்தான் ஆவணும்" என்றான் பாண்டி.

அவன் அம்மா ஆவுடைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே நிபந்தனை போட்டாள். "பழம் நசுக்காம கப்பல் நகரக்கூடாது."

"கப்பலுக்குச் சக்கரம் கெடையாதுட்டி" என்றார் தங்கசாமி.

"முப்பது வருசம் போலீஸ்ல இருந்திய. ஒரு சக்கரத்தக் கண்டுபிடிக்க முடியலையாக்கும்?"

அது மட்டுமா, கப்பல் ஒவ்வொரு துறைமுகமாக நின்று நின்று போகும். கிளம்பும்போதெல்லாம் வைக்க வேண்டுமே என்று கணக்குச் சொன்னாள். அதனால் புளியங்குடிச் சந்தையில் ஒரு முழு மூட்டை வாங்கிச் சாமி முன்னால் வைத்து எடுத்தோம். ரயிலில் நானும் கூடப் போனேன். கொல்லம் தாண்டும்போது பெட்டி முழுக்க வாசனை. மூன்று பேருக்கு இருந்த தலைசுற்றல் அங்கேயே நின்றது.

துறைமுக வாசலில் காவலாளி மூட்டையைத் தட்டினார். "இது எந்தா சேட்டா?"

"லைஃப் ஜாக்கெட்" என்றார் தங்கசாமி.

காவலாளி அவிழ்த்துப் பார்த்தார். பாண்டியைப் பார்த்தார். "என்டெ அனியன் துபாயிலா" என்று தன் தம்பியைச் சொல்லி, ஒரு பழத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வழிவிட்டார்.

மறுநாள் பாண்டி போனில் சிரித்தான். "சக்கரம் இருக்குப்பா. நங்கூரச் சங்கிலியச் சுத்தி இழுக்க ஒரு சக்கரம் உண்டு. அதுல வச்சேன். கேப்டன் பாத்துட்டாரு. உக்ரைன்காரரு. அவரு தம்பி அங்கன சண்டையில போயிட்டானாம். என்னன்னு கேட்டாரு, சொன்னேன். தம் பங்குக்கு ஒண்ணு எடுத்து அவரே வச்சாரு."

அதோடு சரி. போர்க்கடலுக்குள் நுழைந்ததும் தொடர்பு நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள்.

அப்போது குற்றாலத்தில் நல்ல சீசன். தினமும் நாங்கள் மூவரும் ஐந்தருவிக்குப் போனோம். ஆவுடைத்தாய் பெண்கள் பக்கம் போய் மகனுக்காக முழுகுவாள். நான் எண்ணெய் தேய்க்கிற சுடலைக்கண்ணுவிடம் குப்புறப் படுத்துக்கொள்வேன். என் முதுகு அகலமானது. அதில் கபடி ஆடலாம். தங்கசாமி அந்த முதுகில்தான் உலகப் படம் வரைவார்.

"வே, ஆடாதீரும். தோள்பட்ட கொச்சி. கீழ வந்தா அரபிக்கடல். இடுப்புல ஒரு இடுக்கு இருக்குல்லா, அங்கனதான் குண்டு விழுது."

"அண்ணாச்சி, ஒங்க கடல்ல எண்ண பத்தல" என்பான் சுடலைக்கண்ணு. என் இடுப்பில் மட்டும் அந்த வாரம் எட்டு நாடுகள் மோதின. எனக்குக் கூசும். சிரித்தால் இரண்டு தீவுகள் மூழ்கும்.

பதினோராம் நாள் அவர் விரல் இடுப்புக்கு வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை. நான் சிரிக்கவில்லை, சுடலைக்கண்ணு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்நேரம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அவர் செல்போன் அடித்தது.

"அப்பா, நான் நல்லாருக்கேன்."

லாரிகளை நிறுத்துகிற குரல் வெளியே வரவேயில்லை. போனை என்னிடம் நீட்டிவிட்டார். நான் எண்ணெய்க் கையோடு வாங்கிச் சத்தத்தைக் கூட்டினேன்.

முன்னால் போன கப்பலில் அடி விழுந்ததாம். கடலே எரிந்ததாம். பாண்டியின் கப்பல் தண்ணீரிலிருந்து பதினேழு பேரை இழுத்துப் போட்டிருக்கிறது. உப்புத் தண்ணீரையும் எண்ணெயையும் குடித்து எல்லாரும் வாந்தி.

"மூட்டையப் பிரிச்சுட்டேன் மாமா. ராத்திரி பகலாப் புழிஞ்சு குடுத்தேன். அந்தக் கப்பல்ல இன்னும் மூணு பேரு கரையேறல, கடலோட போயிட்டாவ. இப்பம் ஒரு பழந்தான் மிச்சம். அம்மாகிட்டச் சொல்லாதிய. சாமிகிட்ட வச்ச பழம், வாயில வைக்கக்கூடாதும்பா. திரும்ப வரதுக்குள்ள இன்னும் ஆறு துறைமுகம் கெடக்கு."

ஆவுடைத்தாய் ஈரத் தலையோடு என் பின்னால்தான் நின்றாள்.

"ஏலே, உப்புப் போட்டியா?"

"போட்டேம்மா" என்றான் பாண்டி.

"சீனி?"

"அதுவும் போட்டேன்."

"அப்பம் சரி. வராத மூணு பேருக்கும் பேரு என்னலே?"

ரமோன், தாவித், செர்கி. அவள் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டு மறுபடி அருவிக்குள் போனாள். மூன்று முறை தலை நனைத்து வந்தாள். "அவுக அம்மைக்கு இங்கன வர வழி ஏது?" என்று மட்டும் சொன்னாள்.

ஆவணியில் பாண்டி தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினான். கறுத்து, மெலிந்து, பையில் அந்த ஒற்றைப் பழத்தோடு. ஆறு துறைமுகத்திலும் அதை வெறுமனே சக்கரத்தில் தொட்டு எடுத்தானாம். அது காய்ந்து கூழாங்கல்லாகி இருந்தது.

வீடு இரண்டு கிலோமீட்டர். ஆவுடைத்தாய் பழத்தை வாங்கி ஆட்டோவின் முன் சக்கரத்தடியில் வைத்தாள். ஆட்டோ ஏறியது. பழம் நசுங்காமல் எகிறி, தங்கசாமியின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. அவர் போட்ட சத்தத்தில் கிளம்ப இருந்த ரயில் ஐந்து நிமிடம் தாமதம். நானே கடிகாரத்தைப் பார்த்தேன். குரல் திரும்பிவிட்டது.

"நசுங்கலயே" என்றாள் ஆவுடைத்தாய், பழத்தைத் தேடி எடுத்து மறுபடி வைத்தபடி. "தம்பி, வண்டியப் பின்னால எடு."

பாண்டி உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஆட்டோ முன்னும் பின்னுமாக ஒன்பது தடவை போய்வந்தது. யாருக்கும் அவசரமில்லை.