கன்னையா இறந்த செய்தி

சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் கையால் எழுதிப் பலகையில் ஒட்டும் பத்திரிகை ஒன்று இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் தமிழ் வாத்தியார் ரங்கையா. செய்தி எழுதியது சுந்தரி, பத்தாவது படித்துக்கொண்டிருந்தவள்.

ஆந்திரா தனி மாநிலமான மறு வருஷம், சித்தூர் தமிழ்நாட்டோடுதான் சேர வேண்டும் என்று பாகாலாவில் ரயில் மறியல் நடந்தது. வாத்தியாரின் தம்பி கன்னையா அன்று ரயிலில் அடிபட்டுச் செத்தான். போலீஸ்காரர்தான் தள்ளிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. தியாகி என்று சுவரெல்லாம் எழுதினார்கள்.

காரியம் முடிந்து வாத்தியார் பள்ளிக்கு வந்த அன்று, சுந்தரி தான் எழுதியதை நீட்டினாள். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"போலீஸ் தள்ளுச்சின்னு யாரும்மா சொன்னது?"

"எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்க சார்."

"நான் அங்கதான் இருந்தேன். அவனக் கூட்டிக்கினு வரப் போனேன். ஓடுற வண்டியில ஏறப் பாத்தான், கால் வழுக்கிடுச்சி. போலீஸ்காரர் ஓடியாந்து கையப் புடிச்சாரு. புடி நிக்கல."

சுந்தரி நீட்டிய தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அப்ப இந்தச் செய்தியே வேணாம் சார்."

"செத்திருக்கானேம்மா. எப்படிச் செத்தான்னு போட வேணாமா?"

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நடுவில் அவருக்குக் கண்ணீர் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டு மறுபடி சொன்னார். கண்ணால் பார்த்தவர் என்று தன் பெயரையும் போடச் சொன்னார்.

மறுநாள் பத்திரிகையைக் கிழித்துப் போட்டார்கள். அவர் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. புத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து அவர் தாய் பொன்னியம்மா வந்து, பள்ளி வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். "உசுருதான் போச்சி, அவனுக்கு இருந்த பேரையும் துன்னுட்டியேடா!" அதற்கப்புறம் அவர் முகத்தில் அவள் விழிக்கவில்லை.

சில வருஷம் கழித்து எல்லைக்கோடு முடிவானபோது சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. சுந்தரி திருப்பதியில் ஒரு சின்னப் பத்திரிகையில் பிழை திருத்தும் வேலையில் இருந்தாள். வாத்தியார் காசநோயோடு அங்கே ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரிந்ததும் தினமும் கஞ்சி கொண்டுபோனாள். மழைக்காலம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவள் கொடுத்த தந்தி கண்டு பொன்னியம்மா வந்தாள். அவர் கிடந்த அறை வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"அத எழுதுன பொண்ணு நீதானே? சின்னவன நெசமா யாரும் தள்ளலியா?"

"இல்லம்மா. சார் அழுதுக்கினேதான் சொன்னாரு."

"பெரியவன் என்னிக்கும் பொய் சொன்னதில்ல," என்றாள் கிழவி. "எனக்குத்தான் அந்தப் பொய் தேவப்பட்டுது." உள்ளே போய் மகன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வாத்தியார் இறந்த செய்தியைச் சுந்தரியே எழுதிக்கொண்டுபோனாள். அதைப் பார்த்துப் பத்திரிகை முதலாளி, "போலீசுக்குத் தம்பியப் பறிகொடுத்த தியாகின்னு போடும்மா, பேப்பர் நல்லா விக்கும்," என்றார்.

"அப்படி நடக்கலீங்க. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க," என்றாள் சுந்தரி.

முதலாளி முறைத்துவிட்டு, அவள் எழுதியதையே கடைசிப் பக்கத்தில் போட்டார். சின்னச் செய்திதான். பெயர், ஊர், பார்த்த வேலை. தாயார் உடனிருந்தார் என்று ஒரு வரி. ஆஸ்பத்திரியில் அழாதவள், அந்த வரியைத் திருத்த எடுத்தபோது மேஜையில் தலை சாய்த்து அழுதாள்.