வலது ஷூவின் முனை

ஓடப் பழகப் போகிறேன் என்று ஷூக் கடைக்கு வருகிறவர்களிடம், அங்கே வேலை பார்க்கும் பெரியவள் முதலில் கேட்பது பழைய ஷூவைத்தான். "புதுசு ஓடியா போயிடும்? பழசைக் காட்டுங்க முதல்ல" என்பாள். வந்தவர்கள் அழுக்கு என்று கூச்சப்பட்டு, பையிலிருந்து பாதி எடுத்துப் பாதியை மறைப்பார்கள். அவள் வாங்கிக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். குதிகாலின் வெளிப்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் பயமில்லை, பாதிப் பேர் அப்படித்தான். உள்பக்கம் தேய்ந்திருந்தால் பாதம் உள்ளே சாய்கிறது. ஒரு கால் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், "தோள்ல பை மாட்டிக்கிட்டே நடப்பீங்களோ?" என்று கேட்பாள். வந்தவர் ஜோசியக்காரியிடம் வந்துவிட்டோமோ என்பதுபோல் விழிப்பார்.

பதினான்கு வருஷமாக இதே வேலை. பாடமும் ஒன்றேதான். சாயங்காலம் வந்து வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து பாதம் வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். முதல் மாதம் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவேண்டும், முடியாவிட்டால் வேகம் அதிகம். கால் உடம்புக்கு நேர் கீழே விழட்டும், எட்டி எட்டி வைக்காதீர்கள். கடைசிப் பாடத்தை மட்டும் கொட்டை எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள்: போட்டி நாளில் எதுவும் புதிதாக வேண்டாம். ஷூ, சாக்ஸ், காலைச் சாப்பாடு, எதுவும்.

வருஷத்தில் இரண்டு மூன்று பேரிடம் வேறொன்றும் சொல்வாள். "இது ஷூவால தீர்ற விஷயம் இல்லைங்க. டாக்டரைப் பாருங்க." அதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஒருவர் அப்புறம் திரும்பி வந்து நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் தங்கை கடைக்கு வந்து, ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, லேஸ் பிஞ்சிருச்சு. மாத்தி வை. ஞாயித்துக்கிழமை ரேஸ், ஞாபகம் இருக்குல்ல?"

"அஞ்சு கிலோமீட்டருக்கு இந்த அலட்டல்! பஸ்ஸைப் பிடிக்கவே ஓடாதவ நீ."

"அதான் இப்ப ஓடறேன். பொறாமைப்படாதே" என்று சொல்லி, வகுப்பிருக்கிறது என்று படியிறங்கிப் போனாள்.

சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் வலது காலை வைத்தபடியே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் வேலை. மூன்று மாதம் முன்னால், முப்பத்தைந்து வயதில், திடீரென்று கடைக்கு வந்து எனக்கும் ஒரு ஜோடி கொடு என்றாள். பெரியவள் சிரித்துக்கொண்டே அளவெடுத்துக் கொடுத்தாள். மற்றவர்களைப்போல் அவளை டிரெட்மில்லில் ஓடவிட்டுக் காலைப் படம் பிடிக்கவில்லை. கூடப் பிறந்தவளுக்கு எதற்கு அதெல்லாம் என்று தோன்றிவிட்டது. சின்னவள் மட்டும், "என்னை ஓடச் சொல்லிப் பார்க்க மாட்டியா?" என்று ஒரு தரம் கேட்டிருந்தாள். அது இப்போது நினைவுக்கு வந்தது.

லேஸை உருவிவிட்டு, கை பழகிய பழக்கத்தில் ஷூவைக் கவிழ்த்தாள்.

இடது ஷூவில் சொல்ல ஒன்றுமில்லை. வலது ஷூவின் முனையில், பெருவிரல் நுனிக்கு நேராக, ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. ஒரு நகத்தின் அளவு. மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, அந்த ஒரு இடத்தை மட்டும் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல்.

பெரியவள் தடவ நீட்டிய கட்டைவிரலை இழுத்துக்கொண்டாள்.

அப்பாவின் வலது செருப்பு இப்படித்தான் தேய்ந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சமதரையில் தடுக்குவார். படி ஏறும்போது செருப்பு கழன்று கீழே போகும், அவள் ஓடிப்போய் எடுத்து வருவாள். "இந்தச் செருப்பு சரியில்லை" என்பார் அப்பா. அம்மா வேறு வாங்கி வருவாள். அதுவும் சரியில்லை என்பார். அந்த ஒரு வருஷத்தில் வீட்டுக்கு நாலு ஜோடி வந்தது. ஐந்தாவது வாங்க வேண்டியிருக்கவில்லை. கால் போய், கை போய், கடைசியில் பேச்சும் போனது. சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா மாடிப்படியில் விழுந்துவிட்டார், அதிலிருந்து படுத்துவிட்டார் என்றுதான் அம்மா அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். அம்மா போன பிறகும் அந்தக் கதையைப் பெரியவள் அப்படியே காப்பாற்றி வந்தாள். நரம்பு என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

கால் நுனி தூக்காமல் தரையில் உரசுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால்கூட நரம்பு அழுந்தும், கடைக்கு வந்த ஒரு டாக்டரே சொல்லியிருக்கிறார். முதுகெலும்பில் சின்னப் பிசகாக இருக்கலாம். களைத்து ஓடினால் யாருக்கும் கால் உரசும். எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்த எதுவும் அந்த வெள்ளைப் பஞ்சுக்கு முன்னால் நிற்கவில்லை.

எதிரே நிற்பது ஒரு அந்நியராக இருந்தால் அரை நிமிஷம். அவள் செய்தது வேறு. ஷூ இரண்டையும் தூசு துடைக்கும் துணியில் சுற்றி, மேஜையின் கடைசி இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள். அலமாரியிலிருந்து அதே அளவில் ஒரு புது ஜோடி எடுத்தாள். முன்பக்கம் ரப்பர் மேலேறிக் கெட்டியாக இருக்கும் வகை. சீக்கிரத்தில் தேயாது.

சாயங்காலம் தங்கை வீட்டுக் கதவைத் தட்டும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் தயாராக இருந்தன.

"உன் ஷூ ஒட்டு விட்டுப்போச்சு. புதுசு கொண்டு வந்திருக்கேன். இதைப் போட்டுக்க."

சின்னவள் பெட்டியைத் திறக்கவில்லை. அக்கா முகத்தையே பார்த்தாள்.

"ரேஸுக்குப் புதுசு போடக்கூடாதுன்னு உன் கடைச் சுவத்துல எழுதி ஒட்டியிருக்கே."

"அது வர்றவங்களுக்கு."

"அப்ப நான் யாரு?"

"நீ வீட்டு ஆளு. வாயை மூடிட்டுப் போட்டுக்க. இன்னிக்கும் நாளைக்கும் வீட்டுக்குள்ள போட்டு நடந்தாப் பழகிடும்."

"லேஸைத்தானே மாத்தச் சொன்னேன். ஒட்டு எங்கே விட்டுச்சு?"

"கீழே" என்றாள் பெரியவள். "முன்னாடி."

சின்னவள் மெதுவாகத் தலையாட்டினாள். "முன்னாடி" என்று தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் பெட்டியை வாங்கி, டீ குடிக்கிறாயா என்று கேட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் பெரியவளுக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டில் இருந்த தன் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாள். குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு குதிகாலில் மட்டும் நாலு அடி நடந்தாள். நுனி தூக்கியது. தூக்கியதில் வந்த நிம்மதிக்கு அவளே வெட்கப்பட்டாள். தன் காலுக்குச் சந்தோஷப்பட்ட அந்தக் கணத்தில் தங்கையை எங்கேயோ விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. கணவர் வெளியிலிருந்து, "உள்ளே என்ன டான்ஸா? சீக்கிரம் வாம்மா" என்று குரல் கொடுத்தார். சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை.

ரேஸ் முடியட்டும். அப்புறம் சொல்லலாம். சந்தோஷமாக ஒரு நாள் ஓடட்டும். இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். இது இரக்கமா கோழைத்தனமா என்று உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளைப் பேசவிடாமல் துணி மடித்தாள், அடுப்பைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்றைக்குக் கடைக்குப் போயிருந்தால் ஒன்று தெரிந்திருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் முந்நூறு பேர் போல் கூடியிருந்தார்கள். முதல்முறை ஓடுகிறவர்களை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். நம்பர் தாளைச் சட்டையில் நாலு தரம் குத்தி எடுப்பார்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கழிவறை வரிசையில் நிற்பார்கள். பெரியவளும் கடைசி நேரத்தில் பெயர் கொடுத்திருந்தாள். துணைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். பின்னால் ஓடித் தங்கையின் காலைப் பார்க்கவேண்டும், அதுதான் உண்மை.

சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெரியவளின் கண் நேராகக் கீழேதான் போனது.

பழைய ஷூ. லேஸ் மட்டும் புதிது.

"புதுசு போடக்கூடாதுல்ல?" என்றாள் சின்னவள். "நேத்து கடைக்குப் போனேன். முதலாளிதான் தேடி எடுத்துக் கொடுத்தாரு. கடைசி டிராயர்ல, துணி சுத்தி வச்சிருந்தியாமே. குழந்தையா அது, குளிருமா?"

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். கூட்டம் நகர்ந்தது.

எல்லோரும் ஆரம்பத்திலேயே தலைதெறிக்க ஓடினார்கள். சின்னவள் அக்காவின் பாடத்தை மறக்கவில்லை. கூட்டத்தைப் போகவிட்டு, சின்னச் சின்ன அடியாக, தோளைத் தளர்த்தி ஓடினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியவள் நாலடி பின்னால் ஓடினாள். முதல் கிலோமீட்டரில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதில், கூட்டம் சிதறி மரங்களுக்கு நடுவே பாதை அமைதியானபோது, காதில் விழுந்தது. டப், டப், டப், சரக். பத்தடிக்கு ஒரு தரம். மூன்றாவது கிலோமீட்டரில் ஐந்தடிக்கு ஒரு தரம்.

"முட்டியைக் கொஞ்சம் தூக்கு!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

முட்டியைத் தூக்கினாள். சரக்.

"அடியைச் சின்னதாக்கு!"

சின்னதாக்கினாள். சரக்.

"கையை வீசு, கை போனாக் கால் தானா வரும்!"

சின்னவள் திரும்பாமலே, "சொல்லிட்டே இரு" என்றாள். அவளால் பேச முடிந்தது. வேகம் சரியாகத்தான் இருக்கிறது, மூச்சு சரியாகத்தான் இருக்கிறது என்று பெரியவள் கண்மூடித்தனமாகக் கணக்குப் போட்டாள். தனக்குத் தெரிந்த பாடமெல்லாம் தீர்ந்துகொண்டு வந்தது.

நாலாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் பாதை சமதளம். ஒரு கல்கூட இல்லை. அங்கேதான் சின்னவள் தடுக்கினாள். கைகளை ஊன்றி விழுந்து, உடனே உருண்டு எழுந்து, பாதையோரத் திண்டில் உட்கார்ந்தாள். உள்ளங்கை சிராய்த்திருந்தது. அழவில்லை.

"இந்த ரோடு சரியில்லை" என்றாள் பெரியவள், மூச்சிரைக்க.

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

சின்னவள் வலது ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். கழற்றி, அக்காவிடம் நீட்டினாள்.

"பிப்ரவரியில ஒரு பொண்ணுக்கு வகுப்பு எடுத்துட்டிருந்தேன். குறுக்கே சைக்கிள் வந்துச்சு. நான் பிரேக் போட்டுட்டேன்னு நினைச்சேன். கால் போகலை. அந்தப் பொண்ணே மிதிச்சிட்டா, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அன்னையிலிருந்து நான் கார்ல உட்காரலை. ஆபீஸ்ல ஃபாரம் நிரப்பிட்டு இருக்கேன்."

"வியாழக்கிழமை வகுப்புன்னு..."

"பொய். நீ சொல்லலையா பொய்?" குரலில் கோபமில்லை. "ஓடிப் பார்த்தாத் தெரியும்னு நினைச்சேன். உன்கிட்ட ஷூ வாங்கினா நீ பார்த்துச் சொல்லுவேன்னு நினைச்சேன். ஊர்ல இருக்கிறவன் காலெல்லாம் பார்க்கிறே. என் காலை நீ பார்க்கவே இல்லைக்கா. நீ கவிழ்த்துப் பார்க்கட்டும்னு லேஸை நானேதான் கத்தரிச்சேன்."

இரண்டு பேர் அவர்களைக் கடந்து ஓடினார்கள். ஒருவர், "ஆல் ஓகே?" என்று கேட்டார். சின்னவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"உனக்கு... அப்பா..." என்று இழுத்தாள் பெரியவள்.

"படியில விழுந்தார்னு நீங்க சொன்னதை நான் ஒத்துக்கிட்டேன், அவ்வளவுதான். அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் காது இருக்காதா? அப்பா வராருன்னு கதவுக்கு வெளியிலேயே எனக்குத் தெரியும். ரெண்டு காலும் ஒரே மாதிரி சத்தம் போடாது." கையை உதறி மண்ணைத் தட்டினாள். "நீ ரேஸுக்குப் புது ஷூ கொண்டு வந்து நின்னே பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ பார்த்துட்டேன்னு. பார்த்துட்டுச் சொல்ல மாட்டே போல இருக்கு. கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லு. எனக்கு யாராவது வாய்விட்டுச் சொல்லணும்."

பெரியவள் ஷூவைக் கவிழ்த்தாள். உள்ளே இன்னும் காலின் சூடு இருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். கட்டைவிரல் தானாக முனைக்குப் போனது. வெள்ளை இப்போது இரண்டு நக அளவு ஆகியிருந்தது.

"வலது கால் நுனி தூக்கலை" என்றாள். கடைக்கு வந்தவரிடம் சொல்வதுபோல் மறுபடி ஆரம்பித்தாள். "நுனி தூக்கலைங்க. அதான் முன்னாடி உரசுது. இது... இது ஷூவால தீர்ற விஷயம் இல்லை. டாக்டரைப் பார்க்கணும்."

"அப்பாடா" என்றாள் சின்னவள். அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. நரம்பு டாக்டர். ரெண்டு பேருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன்."

"ரெண்டு பேருக்கா?"

"நீயும் அவர் பொண்ணுதானே."

குளியலறையில் நடந்த நாலு அடியைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று பெரியவள் நினைத்தாள். செவ்வாய்க்கு முன்னால் சொல்லிவிடவேண்டும், இதையும் இழுப்பறைக்குள் போட்டு மூடக்கூடாது. மண்டியிட்டு, தங்கையின் காலில் ஷூவை மாட்டி, கடையில் செய்வதுபோல் குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்து, முடிச்சுப் போட்டாள். இரட்டை முடிச்சு.

"இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கு" என்றாள் சின்னவள். "ஓட வேண்டாம். நடந்தே முடிப்போம். மெடல் கொடுக்கிறாங்க, விட முடியாது."

நடந்தார்கள். சின்னவள் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் காலடியில் சத்தம் வந்தது, நடையில் குறைவுதான், ஆனாலும் வந்தது. பெரியவள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு தன்னையறியாமல் தன் வலது காலையும் கேட்கத் தொடங்கினாள்.