கீழ் என்பது ஊரப்பாக்கம்

2006ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து, உலகின் பல நாடுகளுக்குப் போயிருந்த பதினோராயிரத்து நானூறு சாய்வு உணரிகளுக்குக் கீழ் என்பது பூமியின் நடு அல்ல. ஊரப்பாக்கம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், வேண்டா என்ற பெண் வாடகைக்கு இருந்த வீடு. நேராக நின்ற இயந்திரங்கள் தாம் சாய்ந்திருப்பதாக நினைத்து நின்றுபோயின. குளிர்நாடு ஒன்றில் துணி துவைக்கும் இயந்திரங்கள் பாதித் துவைப்பில் கதவைத் திறக்க மறுத்தன. எல்லா உணரிகளும் ஒரே திசையில்தான் பொய் சொல்லின.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் இருந்த தொழிற்சாலையில் அவற்றை மூடியவள் வேண்டா. ஒவ்வொன்றும் எள்ளளவு சிலிக்கான் துண்டு. அதற்குள் ஓர் அறை, அறைக்குள் ஒரு துளி எடை தொங்கும். இயந்திரம் சாய்ந்தால் எடை சாயும், பக்கத்தில் உள்ள மின்சுற்று அதைச் சொல்லும். அறையின் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உறிஞ்சிய துளையை லேசரால் உருக்கி அடைக்க வேண்டும். சிதறும் ஒளி பட்டால் மின்சுற்று செத்துவிடும் என்பதால் அதன்மேல் அலுமினியப் படலம் பூசினார்கள். கண்ணாடி போன்ற படலம். பட்ட ஒளி திரும்பிப் போய்விடும். எங்கே போகும் என்பதைப் பற்றி யாரும் கூட்டம் போடவில்லை.

வேலை செய்பவர் குனிந்து பார்க்கும் சன்னலில் ஒளியைத் தடுக்கும் பச்சைக் கண்ணாடி இருந்தது. பங்குனியில் அது விரிசல் விட, கழற்றினார்கள். கழற்றியதும் துளை தெளிவாகத் தெரிந்தது. ஒரு ஷிப்டுக்கு முப்பது உணரி கூடுதலாக முடிந்தது. புதுக் கண்ணாடி கேட்டு மூன்று கடிதங்கள் மேலே போயின, பதில் இல்லை. மின்சுற்றுக்கு இன்னும் தடிமனான படலம் வேண்டும் என்று மேலேயிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, மறுநாளே பூசினார்கள். அந்த வாரம்தான் படலத்தில் பட்டுத் திரும்பிய ஒளி வேண்டாவின் வலது கண்ணுக்குள் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத வகை ஒளி, சத்தமும் கிடையாது. மதியம் இடது கண்ணைக் கசக்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது: சாப்பாட்டு டப்பாவின் ஓரம் இருந்தது, நடுவில் சோறு இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த தோழி அமிர்தவல்லிக்குக் காதும் கொண்டையும் இருந்தன, மூக்கு இல்லை.

ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் ‘பாதுகாப்பு அறிக்கை’ என்று ஒரு படிவம் நிரப்புவார்கள். அந்தத் தொழிற்சாலையில் பாதுகாப்பு என்றால் மின்சுற்றுக்குத்தான். அன்றும் வழக்கம்போல அமிர்தவல்லி சோதித்துப் பார்த்து, சேதம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். மேலாளர் சுப்புராமன் கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் கழித்து, கண்ணின் நடு வெந்துவிட்டது, மருந்து கிடையாது, வேலையிடத்திலிருந்து எழுதி வாங்கி வா என்று டாக்டர் சொன்னபோது, தொழிற்சாலை அந்தப் படிவத்தைத்தான் எடுத்துக் காட்டியது. வேண்டா அந்த ‘இல்லை’யை அடிக்கச் சொன்னாள்.

“பேரையே வேண்டானு வெச்சுக்கிட்டு, இது வேணும் அது வேணும்னா எப்படிம்மா?” என்றார் சுப்புராமன். மூன்றாவதாகப் பிறந்த பெண்ணுக்கு அப்பா வைத்த பெயர் அது. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“பேருதான் சார் வேண்டா. கண்ணு வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்?”

அவள் வேலையை விட்டு வீட்டுக்குப் போனாள். அன்று மாலை ஐந்தரைக்கு, அவள் அதுவரை மூடியிருந்த அத்தனை உணரிகளும் அவள் பக்கம் சாய்ந்தன.

காரணம் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. பல ஊர்களிலிருந்து திருப்பி அனுப்பிய கணக்குகளை வைத்துக் கோடு போட்டார்கள். கோடுகள் அவள் சமையலறையில் சந்தித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடுகள் நகர்ந்து மாமல்லபுரம் கடற்கரையில் நின்றன. விசாரித்ததில் அவள் அமிர்தவல்லியோடு அங்கே போய் மாங்காய் தின்றது உறுதியானது. தூங்கினால் கோபம் விட்டுவிடும் என்று நினைத்தார்கள், விடவில்லை. படலத்தை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். பழக்கூடை அனுப்பினார்கள். ஆண்டின் சிறந்த ஊழியர் என்று பித்தளைப் பட்டயம் அனுப்பினார்கள். அவள் அதை வெளிக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்தாள். 2008இல் சுப்புராமனே வீட்டுக்கு வந்தார்.

“என்னதாம்மா வேணும் உனக்கு?”

“இல்லன்னு எழுதிகீறீங்களே, அத்த அடிக்கணும்.”

“அது சிப்புக்கு எழுதினது. சிப்புக்கு ஒண்ணும் ஆகலையே.”

“எனக்கு ஆச்சே.”

“அந்த ஃபாரத்துல ஆளுக்குக் கட்டம் கிடையாதும்மா.”

“அப்போ கட்டம் போடு.”

அவர் போடவில்லை. ஒரு சொல்லை அடித்தால் கழற்றிய கண்ணாடிக்குப் பதில் சொல்ல வேண்டும், மூன்று கடிதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உலகத்தின் கீழ்த்திசையைத் திருத்துவது அதைவிடச் சுலபமாக இருந்தது. உணரியோடு அனுப்பும் கையேட்டில் ஒரு வரி சேர்த்தார்கள்: ஊரப்பாக்கம் நோக்கிய சாய்வைக் கழித்துக்கொள்ளவும். அட்சரேகை, தீர்க்கரேகையோடு அவள் வீடு பதினான்கு மொழிகளில் அச்சாயிற்று. இயந்திரங்கள் மீண்டும் ஓடின.

அமிர்தவல்லி ஒரு கையேட்டைத் திருடிக்கொண்டு வந்து காட்டினாள். “நான் எழுதின ‘இல்ல’தான்டி இத்தினிக்கும் காரணம்” என்று அழுதாள். வேண்டா அழவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் சீசன் டிக்கெட் எடுத்தாள். மறுநாள் காலையிலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்கும் சென்னை கடற்கரை ஸ்டேஷனுக்கும் போய்வந்துகொண்டே இருந்தாள். கையேட்டில் அச்சான இடத்தில் அவள் இல்லை. ரயிலோடு சேர்ந்து கீழ்த்திசை வடக்கே போயிற்று, தெற்கே வந்தது. தாம்பரத்தில் சிக்னலுக்காக ரயில் நின்றால் உலகத்தின் துவைக்கும் இயந்திரங்கள் சற்று நிம்மதியாக இருந்தன.

பதினோராவது வாரம், சிங்கப்பெருமாள்கோயிலில் சுப்புராமன் பெண்கள் பெட்டியில் ஏறினார்.

“அண்ணாத்த, கண்ணு தெரியல? லேடீஸ் பெட்டி இது” என்று பூக்கூடையோடு இருந்தவள் கேட்டாள்.

“அவரு நம்மளாண்டதான் வந்துகீறாரு, வுடுக்கா” என்றாள் வேண்டா.

அவர் பையிலிருந்து பழைய படிவத்தை எடுத்தார். வைத்து எழுத இடமில்லை. பூக்காரி தன் கூடை மூடியைக் கொடுத்தாள். ‘இல்லை’யை அடித்தார். ஸ்கேல் இல்லாமல், ஓடும் ரயிலில், கோணலாக ஒரு கட்டம் போட்டு அதற்குள் எழுதினார்: வேண்டா, வலது கண், நடு. அடியில் கையெழுத்து. கூடவே டாக்டர் கேட்ட கடிதம். வேண்டா இடது கண்ணால் இரண்டையும் முழுதாகப் படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இப்ப நேராயிடுமா?” என்று கேட்டார் சுப்புராமன்.

“எனக்கு இன்னா தெரியும்? எனக்கு நேராயிடுச்சா?”

தொழிற்சாலையில் இருந்த ஐந்து லேசர் இயந்திரங்களுக்கும் பச்சைக் கண்ணாடி வந்தது. வந்து சேர இரண்டே நாள் ஆயிற்று. உணரிகள் நேராகவில்லை. நேராகுமா என்று பிறகு யாரும் கேட்கவும் இல்லை. வேண்டா ரயிலை விட்டு இறங்கி, அணுபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தாள். தொழிற்சாலைக்குப் புதிதாக வரும் பொறியாளர்கள் காலையில் முதலில் அமிர்தவல்லியிடம் போய், வேண்டா அக்கா இன்று எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, பிறகு அளவுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள்.