ஐந்து கிலோவில் கொடைக்கானல்

பூகோள வாத்தியார் சக்கரபாணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் லேசில் அசைய மாட்டார். எண்பத்தாறாம் வருஷம் காலாண்டு லீவுக்குக் கொடைக்கானல் போய் ஒரு வாரம் தங்குவது என்று தீர்மானித்தபோது, கூடவே இன்னொன்றையும் தீர்மானித்தார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை. அதுவும் ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது.

இந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவர் மனைவி அம்சவள்ளிக்குத் தெரியும். முந்தின வருஷம் மகள் கிருஷ்ணவேணியை ஆரணியில் கட்டிக்கொடுத்த கையோடு சம்பந்தி வீட்டாரோடு திருப்பதி போனார்கள். மொத்தம் பதினாலு உருப்படி. டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றும்போது வாத்தியாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் மலையேறி சேவித்துவிட்டு வந்தார்கள். அவர் சத்திரத்தில் குப்புறப் படுத்துத் தரையைப் பார்த்துக் கோவிந்தா சொன்னார்.

“கொடைக்கானல்ல காலையில வெயிலு, மத்தியானம் மழை, சாயந்தரம் மூடுபனி” என்று அவர் பாடமாகவே நடத்தினார். அப்படியானால் மூன்று தினுசு துணி வேண்டுமே என்று அம்சவள்ளி கேட்டாள். அங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுகிறார்கள் என்றார் அவர். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வெயில் வந்தால் கழற்ற வேண்டும், குளிர் வந்தால் மாட்ட வேண்டும். கனமானது எல்லாம் உடம்பில், லேசானது பையில். இதன்படி அவர் கம்பளி ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் அணிந்து புறப்படுவது என்றும், அம்சவள்ளி இருப்பதிலேயே கனமான அரக்குப் பட்டைக் கட்டிக்கொள்வது என்றும் ஆயிற்று.

பாண்டுரங்கன் மளிகைக் கடைத் தராசில் பை மூன்று தடவை ஏறி இறங்கியது. முதல் தடவை தலையணை உறை போயிற்று. இரண்டாம் தடவை சீயக்காய்த் தூள் போயிற்று. மூன்றாம் தடவை அவள் ஆசையாக வைத்திருந்த இன்னொரு வாயில் புடவையும் போய், முள் ஐந்தில் நின்றது. குடை கணக்கில் வராது என்று அவரே சொல்லியிருந்ததால், வேர்க்கடலையும் வெல்லமுமாகப் பிடித்த மல்லாட்டை உருண்டைப் பொட்டலம் ஒன்றை அவள் மடக்கிய குடைக்குள் செருகி நாடாவைக் கட்டிவிட்டாள்.

பையின் அடியில் வெள்ளைப் பெயிண்டால் பெயரும் திண்டிவனம் விலாசமும் எழுதியபின் வாத்தியாருக்குத் திருப்தி வந்தது. பள்ளிக்கூடத்தில், தபாலாபீசில், சலூனில், பார்த்தவரிடம் எல்லாம் ஐந்து கிலோ தத்துவத்தை விளக்கினார். பக்கத்து வீட்டு லூர்துமேரி மட்டும்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“அந்தக் குளிருக்கு இந்த ஒரு பையில இன்னா சார் ஆவும்? மூணாம் நாளே ஓடியாந்துடுவீங்க” என்றாள், வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டே.

“ஏழாம் நாள் சாயந்தரம்தான் இந்தத் தெருவுல கால் வைப்பேன்” என்றார் வாத்தியார், தெருவுக்கே கேட்கிறமாதிரி.

மெட்ராஸிலிருந்து மதுரைக்குப் போகும் பகல் எக்ஸ்பிரஸ் திண்டிவனத்தில் நிற்காது. விழுப்புரம் போய்த்தான் ஏற வேண்டும். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ்ஸில் ஸ்வெட்டரோடும் குல்லாவோடும் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, மலேரியாவா என்று கண்டக்டர் அம்சவள்ளியிடம் மெதுவாக விசாரித்தார். பின் சீட்டுக் கிழவி ஒருத்தி தன் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொன்னாள். வாத்தியார் அதை வாங்கி முகர்ந்தார். வேர்வை வழிந்துகொண்டிருந்தது; கொள்கை வழுவவில்லை.

விழுப்புரம் ஜங்ஷனில் மின்சார இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். அதனால் வண்டி நன்றாகவே நிற்கும். இருவரும் ஏறி இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். எதிர் சீட்டில் விருத்தாசலம் என்ற மல்லாட்டை வியாபாரி. திருச்சியில் கல்யாணமாம், அவருடைய காலைச் சுற்றி ஏழு மூட்டை. பேச்சு இயல்பாகவே மூட்டைக்குப் போயிற்று. ஐந்து கிலோவை வாத்தியார் எடுத்துச் சொன்னதும், விருத்தாசலம் பையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

“நான் முப்பது வருஷமா மூட்டை தூக்கற கையி. இது எட்டுக்குக் குறையாது சார்.”

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. பிளாட்பாரத்தில் காசு போட்டால் எடை காட்டும் மெஷின் நின்றிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பையோடு ஏறி நின்று ஒரு சீட்டு வாங்கினார். ஓடிவந்து பையை அம்சவள்ளி மடியில் போட்டுவிட்டு, பையில்லாமல் நின்று இன்னொரு சீட்டு வாங்கத் திரும்ப ஓடினார். மெஷின் காசை விழுங்கிவிட்டு மௌனமாக இருந்தது. அவர் அதைத் தட்டினார். குலுக்கினார்.

அம்சவள்ளி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பையை சீட்டில் வைத்து, விருத்தாசலத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் மெஷின் அருகே போய்ச் சேர்வதற்கும் டீசல் இன்ஜின் கூவுவதற்கும் சரியாக இருந்தது.

வாத்தியார் ஓடினார். கம்பியில் கையும் வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தார். அரக்குப் பட்டு காலைத் தடுக்க அம்சவள்ளி பத்து கஜம் பின்னால் தடுமாறிக்கொண்டிருந்தாள். அவர் கம்பியை விட்டுவிட்டார். வண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலில் விருத்தாசலம் பையைத் தூக்கிக் காட்டி ஏதோ கத்தியது மட்டும் தெரிந்தது.

ஆள் ஓய்ந்த பிளாட்பாரத்தில் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டு ஒரு சீட்டைத் துப்பியது. வாத்தியார் நடந்து போய் அதை எடுத்தார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தார்.

“அஞ்சு கிலோ. நான் சொன்னேனில்ல?” என்றார்.

அம்சவள்ளிக்குக் கோபம் தலைக்கேறியது. டிக்கெட் பையில். கொடைக்கானலில் அறை கொடுக்கச் சொல்லி நண்பர் எழுதித் தந்த கடிதம் பையில். நல்லவேளை, பணம் அவள் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது. ஸ்டேஷனில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்; தகவல் சொல்கிறோம், கிடைத்தால் வரும், நாலைந்து நாள் ஆகலாம் என்றார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்றாள் அம்சவள்ளி. வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்கூட அல்ல, முதல் நாளே திரும்பிப்போய் லூர்துமேரியிடம் சாவி கேட்பதை அவர் நினைத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. குல்லாவுக்குள் அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவளுக்குக் கோபம் பாதி இறங்கியது.

“ஏங்க, ஒரு வாரம்னு சொல்லிக்கினு வந்தோம். ஒரு வாரம் இங்கியே இருந்துட்டுப் போலாம். விழுப்புரத்துல நம்மள யாருக்குத் தெரியும்?” என்றாள்.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் மாடி அறை கிடைத்தது. பெட்டி எங்கே என்று லாட்ஜ்காரர் கேட்டதற்கு, நாங்கள் லேசாகத்தான் பயணம் செய்வோம் என்றார் வாத்தியார். அன்று சாயங்காலமே அம்சவள்ளி கடைத்தெருவுக்குப் போய்த் தனக்கு ஒரு நூல் புடவையும் அவருக்கு ஒரு லுங்கியும் வாங்கிவந்தாள். பட்டை அவிழ்த்துப் போட்டபோது ஜென்மமே லேசானமாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் முழுக்க மழை. வாத்தியாருடைய ஒரே சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருக்க, அவர் லுங்கிக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் அமர்ந்து, கொடைக்கானலிலும் இந்நேரம் மழைதான் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. டிபன் சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருவில் வரும்போது எதிரே அவர்கள் பள்ளி ஹெட்மாஸ்டர் தன் சம்சாரத்தோடு குடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வாத்தியார் சட்டென்று சட்டைப் பையில் திணித்திருந்த குல்லாவை எடுத்துக் கண் மட்டும் தெரிய மாட்டிக்கொண்டார். பன்னிரண்டு மணி வெயிலில் மங்கி குல்லா போட்டவரைக் கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹெட்மாஸ்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு, பாவம், சித்தம் சரியில்லாத மனுஷன் போலிருக்கிறது என்று சம்சாரத்திடம் சொன்னது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்த அம்சவள்ளி காதிலேயே விழுந்தது.

இனி ஊருக்குள் சுற்றினால் ஆபத்து என்று, நாலாம் நாள் திருவக்கரைக்கு பஸ் ஏறினார்கள். வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அம்சவள்ளிதான் கல்மரத்தையும் பார்த்துவிடலாம் என்றாள். மரம் கல்லான கதையைப் பதினெட்டு வருஷமாக வகுப்பில் நடத்திக்கொண்டிருக்கிற வாத்தியார், வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை அவர் அங்கே போனபின்தான் ஒப்புக்கொண்டார்.

செம்மண் மேட்டில் அடிமரங்கள் விழுந்து கிடந்தன. பட்டை, கணு, உள்வளையம் எல்லாம் அப்படியே இருந்தன, தொட்டால் கல். வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். வளையத்தை எண்ண ஆரம்பித்து, நடுவில் கணக்குத் தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இரண்டு கோடி வருஷம், அம்சா, என்றார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவர் இப்படி வாயடைத்து நின்று அவள் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கிற மனுஷனுக்குத் தெரியாதது ஒன்று கிடைத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் மழை சடசடவென்று வந்தது. அவள் குடையை விரிக்க, மல்லாட்டை உருண்டைப் பொட்டலம் அவர் தலையில் விழுந்தது. வாத்தியார் அதைப் பிரித்துப் பார்த்தார்; அவளைப் பார்த்தார். கால் கிலோ இருக்கும் என்றார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கல்மரத்துக்குக் காவலிருந்தவரையும் குடைக்குள் கூப்பிட்டு, மூன்று பேருமாக நின்று தின்று தீர்த்தார்கள்.

அதற்குப்பின் மறுநாளும், அதற்கு மறுநாளும் அவர் திருவக்கரைக்கே போனார். அவளும் நூல் புடவையோடு கூடப் போனாள். சமையல் இல்லை, தூக்க மூட்டை இல்லை, அடுத்து என்ன உடுத்துவது என்ற யோசனை இல்லை, கட்டியிருப்பதுதான் உடுப்பு. இப்படி ஒரு வாரம் தன் ஆயுசில் இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஏழாம் நாள் விழுப்புரம் மார்க்கெட்டில் இரண்டு கிலோ பேரிக்காய் வாங்கினார்கள். வாத்தியார் மருந்துக் கடையில் யூகலிப்டஸ் தைலம் வாங்கி ஸ்வெட்டர் மேலேயே பூசிக்கொண்டார். பொய் சொல்லப்போவது அம்சவள்ளிக்குப் பிடிக்கவில்லை. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நடுங்கினால் போதும் என்றார் அவர்.

ஆனால் திண்டிவனத்தில் வேறொன்று நடந்திருந்தது. விருத்தாசலம் நல்ல மனுஷன். பையைத் திருச்சியில் கல்யாணத்துக்கு வந்த திண்டிவனத்துக்காரர் ஒருவரிடம் விவரம் சொல்லிக் கொடுத்தனுப்பினார். அவர் முந்தின நாள் மத்தியானம் அதை லூர்துமேரியிடம் சேர்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவசரத்தில் ஒரே வரி சொன்னாராம்:

“பையி மட்டும்தான் வந்துச்சி. அவுங்க ரெண்டு பேரும் விழுப்புரத்துலியே போய்ட்டாங்க.”

லூர்துமேரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆரணிக்குத் தந்தி போயிற்று. விடிவதற்குள் கிருஷ்ணவேணி அழுதுகொண்டு வந்து சேர்ந்தாள். மருமகன் வேங்கடேசன் விழுப்புரத்துக்கு ஓடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்துக்கொண்டிருந்தார். தெருவில் அன்று யாரும் ரேடியோ போடவில்லை.

ஐந்து மணிக்குத் தெருமுனையில் திரும்பியபோது, வாசலில் கூட்டத்தைப் பார்த்து வாத்தியார் தம்மை வரவேற்கத்தான் என்று நினைத்துவிட்டார். குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, தூரத்திலிருந்தே கையை உரசிக்கொண்டு வந்தார்.

“அப்பப்பா, இன்னா குளிரு. பத்தடிக்கு முன்னால ஆள் தெரியல, அவ்ளோ மூடுபனி” என்று ஆரம்பித்தார்.

 லூர்துமேரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் இருவருடைய காலையும் பார்த்தாள். நாலு காலும் தரையில் இருப்பதை உறுதி செய்துகொண்டபின் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். கிருஷ்ணவேணி உள்ளேயிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவள் பின்னால், கூடத்து நாற்காலியில், வெள்ளைப் பெயிண்ட் தெரிய அந்தப் பை உட்கார்ந்திருந்தது.

வாத்தியார் பையைப் பார்த்தார். மூடுபனி அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

அம்சவள்ளி மகள் முகத்தைத் துடைத்தாள். இனி நடுங்க முடியாது என்று தீர்மானித்து, எடை மெஷினிலிருந்து குல்லா, கல்மரம் வரைக்கும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பாதிக்கு மேல் தெரு சிரிக்க ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் ஸ்வெட்டரோடு விறைத்து நின்றார். அழுகையும் சிரிப்புமாக லூர்துமேரிதான் கேட்டாள்.

“அப்போ நெசமாவே அந்த மரம் கல்லாப் போயிருக்குதா சார்?”

“வெறும் கல்லு இல்லம்மா” என்று வாத்தியார் ஸ்வெட்டரைக் கழற்றினார். “உள்ள வளையம்கூட தெரியுது.”

இருட்டும்போது வேங்கடேசன் களைத்துப்போய் வந்து, மாமனார் உயிரோடு பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். அவரைச் சமாதானப்படுத்த அம்சவள்ளி இரண்டு நாள் விருந்து வைக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் பாதிப் பேர் திருவக்கரைக்குக் கிளம்பினார்கள். ஆளுக்கு இரண்டு பை, தூக்குச் சட்டி, பாய், பிளாஸ்க் என்று பஸ்ஸில் இடமில்லை. அம்சவள்ளி வெறுங்கையோடு நூல் புடவையில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கல்மரத்தருகே வாத்தியார் பேச ஆரம்பித்து அரைமணி நேரத்தில் கூட்டம் கோயில் பக்கம் கழன்றுவிட்டது. முக்கால் மணி நேரத்தில் கிருஷ்ணவேணியும் லூர்துமேரியும் கழன்றார்கள். அம்சவள்ளி கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, அவர்களோடு போய் நிழலில் சாப்பாட்டைப் பிரித்தாள். மேட்டின் மேல், மாமனார் கை ஒரு பக்கத் தோளில் இருக்க, வேங்கடேசன் மட்டும் வெயிலில் வளையம் எண்ணிக்கொண்டிருந்தார்.