ஒதுங்கிப்போன மதிப்பெண்

பாசியிலிருந்து எரிஎண்ணெய் எடுக்கும் ஆராய்ச்சியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் அந்தப் பேராசிரியை. அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்களை மதிப்பிட வெளியாட்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டபோது, அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று முதலில் பேசியவருக்கு அந்த வட்டாரத்தில் ‘பளபளா’ என்று பெயர். கோட்டு, சிரிப்பு, திரையில் ஓடிய படங்கள் எல்லாமே மின்னின. அவருடைய குளத்தில் பாசி வருடம் முழுக்கக் கொழித்தது.

“இந்த அளவைக் குளத்துல எடுத்தீங்களா, குடுவையிலயா?” என்று கேட்டார் பேராசிரியை.

“குடுவையில எடுத்ததைக் குளத்துக்குப் பெருக்கிக்கிட்டோம் மேடம்.”

“குளத்துல பூச்சி புழு விழுமே?”

“அதையெல்லாம் அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்!”

மற்ற நால்வரும் சிரித்தார்கள்.

அடுத்து வந்தவள் இளம் விஞ்ஞானி. நகக்கண்ணில் பச்சைக் கறை. “எங்க குளத்துல பாசி மொத்தமும் செத்துப்போச்சு” என்றுதான் தொடங்கினாள். ஒரு நுண்ணுயிர் அதைத் தின்றிருக்கிறது. அது பெருகுமுன் தண்ணீரின் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கும் வழியை விளக்கினாள். பேராசிரியை வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டும் விடை கிடைக்காத விஷயம் அது. அவருக்குப் பொறாமைகூட வந்தது.

கதவைச் சாத்தியதும் குழுத்தலைவர் கேட்டார்: “எல்லாம் சரி, எண்ணெய் எங்க?”

“தோத்ததை மறைக்காம சொல்லியிருக்கா. நாளைக்கு எல்லாக் குளத்துக்கும் இது உதவும்.”

“நேர்மைக்கு மார்க் போடக் கட்டம் இல்லீங்களே, மேடம்.”

இளம் விஞ்ஞானிக்கு மிக அதிகமாகவும் பளபளாவுக்கு மிகக் குறைவாகவும் போட்டார் பேராசிரியை. ஆனால் கூட்டும்போது ஒவ்வொரு திட்டத்திலும் மிக உயர்ந்த மதிப்பெண்ணையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிடுவது விதி. ஒருவருடைய விருப்புவெறுப்பு முடிவைக் கெடுத்துவிடக் கூடாதாம். இரண்டு திட்டங்களிலும் அவர் போட்டது கணக்கில் சேராமலே போனது.

பளபளாவுக்குப் பணம் நீடித்தது. அவள் திட்டத்தை மூடினார்கள்.

பிறகு ஒரு கருத்தரங்கின் வாசலில் அவள் எதிரே வந்து நின்றாள். “மத்தவங்களுக்குப் புரியலைன்னா போகட்டும் மேடம். உங்களுக்குமா?”

யார் என்ன போட்டார்கள் என்று வெளியே சொல்வதில்லை எனக் கையெழுத்துப் போட்டிருந்தார் பேராசிரியை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “விடாம பண்ணும்மா” என்றார்.

“எங்க பண்றது? குளத்தை இடிச்சுட்டாங்க.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, “சொல்லித் தொலைச்சிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் அவர்.

“அப்புறம் எனக்கும் அந்தப் பளபளாவுக்கும் என்ன வித்தியாசம்?” என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனார்.

மறுவாரம் தன் ஆய்வகத்தில் அவளுக்கு இடம் ஏற்பாடு செய்து ஆள்விட்டுக் கூப்பிட்டார். போனவர் சங்கடத்தோடு திரும்பி வந்தார்.

“என்ன சொன்னா?”

“உங்ககிட்ட வேலை பார்க்கறதுக்கு, சும்மாவே இருந்துடலாம்னு...”

பேராசிரியை தலையாட்டினார். அவள் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.